அந்த ஜாஸ் ஓவியம் எந்தக் காலத்தது, என்ன பெறும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிகாகோ அருகே வசிக்கும் நண்பர் ஒருவர், ஒரு மூதாட்டி காலமான பிறகு அவர் வீட்டுச் சாமான்களைப் பிள்ளைகள் விற்றபோது ஓர் ஓவியத்தை 140 டாலருக்கு வாங்கியிருக்கிறார். நான்கடி நீளம், இரண்டடி உயரம். டிரம்பெட், சாக்சபோன், டபுள் பாஸ் வாசிக்கும் மூவர். நீலமும் செம்மஞ்சளுமாகக் கத்தியால் தடிமனாக அப்பிய வண்ணம். முகங்களில் கண் மூக்கு எதுவும் இல்லை. வலது கீழ் மூலையில் படிக்க முடியாத கையொப்பம். விற்றவர்கள் ‘மிட்-செஞ்சுரி மாடர்ன் (நூற்றாண்டின் நடுப்பகுதியின் நவீன பாணி), ஐம்பதுகளைச் சேர்ந்தது’ என்றார்களாம். உண்மையிலேயே அவ்வளவு பழையதா, யார் வரைந்தது, என்ன பெறும், துடைத்துச் சுத்தம் செய்யலாமா என்று கேட்கிறார்.

நண்பரே, முன்புறத்தின் ஒளிப்படத்தை மட்டும்தான் அனுப்பியிருக்கிறீர்கள். பழைய ஓவியங்களோடு பழகுபவர்கள் முதலில் கேட்பது பின்புறத்தைத்தான். கையொப்பம் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். படத்தை இறக்கி, முன்பக்கம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். குப்புறப் படுக்க வைக்காதீர்கள். கத்தியால் அப்பிய வண்ணத்தின் முகடுகள் எடை தாங்காமல் உடைந்துவிடும்.

பின்புறம் பழுப்பு நிறப் பலகையாக, மேலே வலை பதிந்தாற்போல் சொரசொரப்பாக இருந்தால் அது மெசனைட். மரச் சிம்பை நீராவியால் நாராக்கி, சூட்டில் அழுத்திச் செய்யும் இந்தப் பலகையை 1924-இல் மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் நகரில் வில்லியம் மேசன் என்பவர் உருவாக்கினார். ஓவியத் துணியான கித்தானைவிட மலிவு, சட்டத்தில் இழுத்துக் கட்டும் வேலையும் இல்லை. அதனால் ஐம்பதுகளில் கைக்காசு குறைந்த ஓவியர்களும் அலங்கார ஓவியம் தீட்டியவர்களும் இதை விரும்பி வாங்கினார்கள். மலிவுப் பலகை என்பதால் மலிவு ஓவியம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்து வளர்ந்த நார்மன் லூயிஸ் 1948-இல் செய்த ‘ஜாஸ் பேண்ட்’ என்ற படைப்பு, கறுப்புப் பூசிய மெசனைட் பலகையில் கோடுகளைக் கீறி எடுத்தது. அமெரிக்க அரூப ஓவியத்தில் அவர் பெரிய பெயர்.

பின்புறம் துணியாக இருந்தால், கித்தானைச் சட்டத்தில் எதைக் கொண்டு பிணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தலை பருத்த சிறு ஆணிகள் என்றால் பழைய முறை. ஸ்டேப்பிள் பின்கள் ஐம்பதுகளில் பரவின. பின்னில் துரு ஏறி, அந்தத் துரு துணியிலும் கசிந்திருந்தால் நல்ல அறிகுறி. பளபளக்கும் பின் என்றால் ஒன்று படம் புதியது, அல்லது யாரோ மறுபடி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். இந்த இரண்டில் எது என்பதை மரம் சொல்லிவிடும். பழைய மரத்தில் பழைய ஆணித் துளைகள் இருக்கும். காற்றுப் பட்ட இடம் கருத்து, துணி மூடிய இடம் வெளுத்திருக்கும். அந்தக் கோட்டைப் போலியாக உண்டாக்குவது எளிதல்ல. சில நூறு டாலர் ஓவியத்துக்காக யாரும் அவ்வளவு மெனக்கெடவும் மாட்டார்கள்.

ஒட்டியிருக்கும் சீட்டுகள் இன்னும் உதவும். சட்டம் போட்டவர் கடை, விற்ற கடை, எதுவானாலும் முகவரியைப் படியுங்கள். அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் எண் (அஞ்சல் குறியீடு) வந்தது 1963 ஜூலையில். அதற்கு முன், 1943 முதல், பெரிய நகரங்களுக்கு ஒன்றிரண்டு இலக்க வட்ட எண் மட்டும்தான். ‘சிகாகோ 11, இல்லினாய்’ என்பதுபோல் எழுதுவார்கள். அப்படி ஒரு முகவரி இருந்தால் சீட்டு 1963-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ அச்சானது. ஐந்து இலக்கம் இருந்தால், ஐம்பதுகள் என்று விற்றவர் சொன்னது அந்தச் சீட்டைப் பொறுத்தவரை பொய். ஆனால் சட்டத்தின் வயது வேறு, படத்தின் வயது வேறு. பழைய படத்துக்குப் புதுச் சட்டம் போடுவார்கள். பழைய சட்டத்தில் புதுப் படத்தைப் பொருத்தி விற்கும் கெட்டிக்காரர்களும் உண்டு.

இருட்டறையில் புற ஊதா டார்ச் ஒன்றைப் பின்புறத்தில் அடித்துப் பாருங்கள். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் துணிக்கும் காகிதத்துக்கும் வெண்மை கூட்டும் ரசாயனங்கள் சேர்க்கத் தொடங்கினார்கள். ஐம்பதுகளுக்குப் பிறகு அது பரவலானது. அவை அந்த ஒளியில் நீல வெண்மையாகச் சுடர்விடும். கித்தான் அப்படி மின்னினால் அதை நாற்பதுகளுக்குக் கொண்டுபோவது கடினம். அதே விளக்கை முன்புறத்தில் அடித்தால் பின்னாளில் தொட்டுச் சரிசெய்த இடங்கள் கருந்திட்டுகளாகத் தெரியும்.

முன்புறத்தில் ஒரே ஒரு சோதனை போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி வைத்து நீலப் பகுதியைப் பாருங்கள். ஒழுங்காக அடுக்கிய புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. அச்சுப் படத்தின் மேல் தெளிந்த பசையைத் தூரிகையால் இழுத்து, மேடுபள்ளம் உண்டாக்கி, ஓவியம்போல் காட்டும் வழக்கம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கண்டுபிடிக்க எளிய வழி: மேடுபள்ளம் ஒரு திசையில் போகும், அடியிலுள்ள வண்ணத்தின் எல்லை வேறு திசையில் போகும். கத்தியால் இழுத்த உண்மையான ஓவியத்தில் வண்ணமும் மேடும் சேர்ந்தே நகரும். உங்கள் ஒளிப்படத்தில் பாஸ் கருவியின் தோள்பட்டையில் செம்மஞ்சள், நீலத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போயிருப்பது தெரிகிறது. ஆகவே இது கையால் தீட்டியது என்றே நினைக்கிறேன்.

எண்ணெய் வண்ணமா அக்ரிலிக்கா என்பதும் காலத்தைக் கொஞ்சம் நெருக்கிச் சொல்லும். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் ஓவியர்களின் கைக்கு வந்தது 1955-ஐ ஒட்டி. சின்சினாட்டியில் தயாரான லிக்விடெக்ஸ்தான் முன்னோடி. எண்ணெய் என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, நானூறு ஆண்டுகளுக்கு முன்னும் அதுதான், நேற்றும் அதுதான்.

இனி நான் விரிவாகப் பேச விரும்பும் பகுதி. முகமில்லா உருவங்கள், நீண்டு மெலிந்த கைகள், தட்டையான இரண்டு மூன்று நிறங்கள், தடித்த கறுப்புக் கோடு ஆகியவை சேர்ந்த இந்தத் தோற்றம் ஐம்பதுகளில் எங்கிருந்து வந்தது? பிக்காசோ 1921-இல் வரைந்த ‘மூன்று இசைக்கலைஞர்கள்’ என்று பலரும் சொல்வார்கள். அது பாட்டனார் அளவில் சரி. பிரான்சின் பெர்னார்ட் புஃபேயின் முள்முள்ளான கறுப்புக் கோடுகளும் அமெரிக்க வரவேற்பறைகள் வரை செல்வாக்குச் செலுத்தின. ஆனால் நேரடித் தகப்பன் என்று நான் சொல்வது இசைத்தட்டு உறையை.

1939-இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர், பழுப்புக் காகிதத்தில் பெயர் மட்டும் அச்சிட்ட உறைகளைப் பார்த்துச் சலித்து, அடுத்த ஆண்டிலிருந்து உறையில் படம் போடத் தொடங்கினார். அவருக்குப் பின் அங்கே வந்த ஜிம் ஃபுளோரா, நான்கு கையும் முக்கோண மூக்குமாக இசைக்கலைஞர்களைக் குதிக்க விட்டார். 1948-இல் பன்னிரண்டு அங்குல நீள்தட்டு வந்ததும் ஓவியனுக்கு ஓரடிச் சதுரம் கிடைத்தது. நார்மன் கிரான்ஸ் நடத்திய கிளெஃப், நார்கிரான், வெர்வ் தட்டுகளுக்கு டேவிட் ஸ்டோன் மார்ட்டின் நூற்றுக்கணக்கான உறைகள் வரைந்தார். மைதொட்ட பேனாக் கோடு ஒன்று நடுங்கி நடுங்கிப் போய்ச் சட்டென்று ஒரு விரலாகும், அல்லது பியானோவின் விளிம்பாகும். ஒரே ஒரு நிறத்தைத் தட்டையாக நிரப்பிவிட்டு மற்றதை வெள்ளையாகவே விட்டுவிடுவார். 1959-இல் வெளிவந்த டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’, சார்லஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ உம்’ இரண்டுக்கும் உறை ஓவியம் ஹவாயில் பிறந்த நீல் ஃபுஜிட்டாவுடையது. அவற்றில் மனித உருவமே இல்லை, கட்டங்களும் வளையங்களும்தான்.

ஒரு சாதாரண அமெரிக்க வீட்டில் நவீன ஓவியம் நுழைந்த வழி இதுதான். அருங்காட்சியகத்துக்கு ஒருமுறைகூடப் போகாதவர் வீட்டிலும் இருபது உறைகள் இருந்தன. நீளமான சோபா வாங்கியவர் அதற்கு மேல் மாட்ட நான்கடி நீளப் படம் தேடினார். அலங்கார ஓவியக்காரர் அந்த உறைகளின் மொழியை எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தார். உங்கள் படத்தின் அளவைப் பாருங்கள்: இரண்டுக்கு நான்கு. சோபாவுக்கு அளவெடுத்துத் தைத்த படம் அது.

அதனால் இந்த வகை ஓவியத்தைப் பார்க்கும்போது எனக்கு எழும் கேள்வி ஒன்றே ஒன்று: வரைந்தவர் வாசிப்பவரைப் பார்த்தாரா, உறையைப் பார்த்தாரா? விடை கைகளில் இருக்கிறது.

சாக்சபோனில் இடக்கை மேலே, வலக்கை கீழே. இடக்கைக்காரர்களுக்கும் அப்படித்தான். கருவியின் எடை கழுத்துப் பட்டையில் தொங்கும். பெரிய டெனர் வகை சாக்சபோனின் கழுத்துக் குழாய் வளைந்து நெளியும். சிறிய ஆல்ட்டோ வகையில் அது நெளியாமல் ஒரே மடிப்பாக மடங்கும். லெஸ்டர் யங் டெனரைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்தபடி வாசித்தவர். தட்டைத் தொப்பியோடு, கருவி அப்படிச் சாய்ந்திருந்தால் முகம் இல்லாவிட்டாலும் ஆளை ஊகிக்கலாம். டிரம்பெட்டில் வலக்கையின் மூன்று விரல் மூன்று விசைகளின் மேல் இருக்கும், இடக்கை தாங்கும். டிரம்பெட்டின் வாய் வானத்தைப் பார்த்து மடங்கியிருந்தால் அது டிஸ்ஸி கில்லெஸ்பி. 1953 ஜனவரியில் மன்ஹாட்டன் விடுதி ஒன்றில் நடந்த விருந்தில் யாரோ அவர் கருவி மேல் விழுந்து அது வளைந்துபோக, வாசித்துப் பார்த்தவருக்கு அந்த ஒலி பிடித்துப்போய், பிறகு அப்படியே செய்யச் சொல்லி வாங்கினார். எனவே அந்த வளைந்த டிரம்பெட் உள்ள படம் எதுவும் 1953-க்கு முந்தியதாக இருக்க முடியாது. டிரம்ஸ்காரரின் இடக்கை உள்ளங்கை மேல்நோக்கியபடி குச்சியைப் பிடித்திருந்தால் ஓவியர் உற்றுப் பார்த்திருக்கிறார். அந்தக் கால ஜாஸ் டிரம்ஸ்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான் பிடித்தார்கள். மின்சார பாஸ் கிட்டார் தெரிந்தால், ஃபெண்டரின் அந்தக் கருவி சந்தைக்கு வந்ததே 1951-இல் என்பதை நினைவில் வையுங்கள்.

உங்கள் படத்துக்கு வருவோம். பாஸ் வாசிப்பவர் அருமை. கருவியை அணைத்தபடி உடல் சாய்ந்திருக்கிறது, வலக்கை விரல்பலகையின் அடிமுனையில், நரம்பைச் சுண்ட வேண்டிய இடத்திலேயே இருக்கிறது, இடத்தோள் உயர்ந்திருக்கிறது. இதை நினைவிலிருந்து கற்பனையாக வரைய முடியாது. ஆனால் பக்கத்தில் சாக்சபோன்காரருக்கு வலக்கை மேலே, இடக்கை கீழே. கழுத்துப் பட்டையும் இல்லை. டிரம்பெட்டில் விசைகளே இல்லை, ஒரு செம்மஞ்சள் கீற்று மட்டும். மூவரில் ஒருவரைப் பார்த்து வரைந்து, மற்ற இருவரை இட்டு நிரப்பியிருக்கிறார். அந்த ஒருவரையும் மேடையில் பார்த்தாரா, ஒளிப்படத்தில் பார்த்தாரா என்பது திறந்த கேள்விதான். கண்டபடி தீட்டிய கை அல்ல, ஜாஸ் கூடத்தில் இரவைக் கழித்த கையும் அல்ல என்பது என் கணிப்பு.

கூடத்தில் இரவைக் கழித்தவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். நியூயார்க்கின் கூப்பர் சதுக்கத்தில் இருந்த ஃபைவ் ஸ்பாட் விடுதியில் ஓவியர்களே முதல் வாடிக்கையாளர்கள். 1957-இல் தெலோனியஸ் மங்க், ஜான் கோல்ட்ரேனுடன் மாதக்கணக்கில் அங்கே வாசித்தார். அங்கே வந்துபோன ஓவியர் லாரி ரிவர்ஸ் தாமே சாக்சபோன் வாசிப்பவர். ரொமேர் பியர்டன் ஹார்லெமில் அப்பல்லோ அரங்கத்துக்கு மேல் ஓவியக்கூடம் வைத்திருந்தவர், பாட்டும் எழுதியவர். பின்னாளில் வெட்டி ஒட்டும் முறையில் அவர் செய்த இசைக்கலைஞர்களுக்கு முகம் உண்டு, அதுவும் பல துண்டுகளால் ஆன முகம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வரவேற்பறை ஜாஸ் ஓவியங்களில் முகத்தை அழித்துவிடுவது எப்போதும் அழகியல் முடிவல்ல. கறுப்பின மனிதர் ஒருவரை அடையாளத்தோடு சுவரில் மாட்டத் தயங்கிய வீடுகளுக்கு முகமற்ற கறுப்பு நிழல் வசதியாக இருந்தது. இன்னொரு பக்கம், உதட்டையும் கண்ணையும் பெரிதாக்கிக் கேலிச்சித்திரமாக்கிய படங்களும் அதே காலத்தில் ஏராளம். அப்படிப்பட்ட ஒன்றை நான் வாங்க மாட்டேன், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். உங்களுடையது அந்த வகை அல்ல.

நியூ ஆர்லியன்ஸ் வழி தனி. அங்கே ஜாக்சன் சதுக்கத்தின் இரும்பு வேலியில் ஓவியங்களை மாட்டி விற்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஊரைப் பார்க்க வந்தவர்கள் வாங்கிச் சென்ற ஜாஸ் ஓவியங்கள் அமெரிக்கா முழுவதும் வீட்டு விற்பனைகளில் தலைகாட்டுகின்றன. செயின்ட் பீட்டர் தெருவில் லாரி போரன்ஸ்டைன் என்பவர் ஓவியக் கடை வைத்திருந்தார். கடையைப் பூட்டிவிட்டுக் கச்சேரிக்குப் போக முடியாததால், முதிய இசைக்கலைஞர்களைக் கடைக்கே வரவழைத்து வாசிக்கச் சொன்னார். அதுதான் 1961-இல் பிரசர்வேஷன் ஹால் ஆனது. அந்த முதியவர்களை நோயல் ராக்மோர் என்ற ஓவியர் வரிசையாக உட்கார வைத்து வரைந்தார். பேஞ்சோ, டிராம்போன், கிளாரினெட்டோடு நாற்காலியில் அமர்ந்த நரைத்த மனிதர்கள், அழுக்கேறிய சுவர், பழுப்பு நிறம் என்று ஒரு படம் கிடைத்தால் அந்தப் பக்கம் தேடுங்கள். நின்று வாசிக்கும் மெலிந்த இளைஞர்களும் நீல வெளிச்சமும் உள்ள உங்கள் படம் அந்த ஊரைக் காட்டவில்லை.

இப்போது கையொப்பம். ஏன் கடைசி என்றால், அறுபதுகளில் அலங்கார ஓவியம் ஒரு தொழிற்சாலைத் தொழிலாகவே நடந்தது. கலிஃபோர்னியாவின் வான்கார்ட் ஸ்டுடியோஸ் நல்ல உதாரணம். ‘லீ ரெனால்ட்ஸ்’ என்று கையொப்பமிட்ட படங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. பல கைகள் தீட்டிய படங்களுக்கு ஒரே பெயர். அறைகலன் கடைகள் அவற்றைச் சோபாவோடு சேர்த்தே விற்றன. அந்தப் பெயருக்கு இன்று சேகரிப்பாளர்கள் இருப்பது உண்மைதான், ஆனால் அது ஓவியர் கையொப்பம் என்பதைவிட வணிக முத்திரை. பெரிய எழுத்தில், சுழித்து, ஒரே சொல்லாக, மாறுபட்ட வண்ணத்தில் போட்ட கையொப்பத்தைக் கண்டால் முதலில் இந்தத் திசையில்தான் சந்தேகப்படுவேன். இன்னொன்றையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள்: வண்ணத்தில் விழுந்த வெடிப்பு கையொப்பத்தையும் சேர்த்து வெடித்திருக்கிறதா, அல்லது கையொப்பத்தின் வண்ணம் வெடிப்புக்குள் வழிந்திருக்கிறதா? வழிந்திருந்தால் அது பின்னால் யாரோ சேர்த்தது.

லெராய் நீமன் பெயரை யாராவது சொன்னால் நிதானமாகக் கேளுங்கள். ஜாஸ் கூடங்களை நிறைய வரைந்தவர்தான். ஆனால் சந்தையில் அவர் பெயரில் புழங்குவதில் பெரும்பங்கு அச்சுப் பிரதிகள்.

என்ன பெறும்? உங்களுடையது ஐம்பதுகளிலோ அறுபதுகளிலோ கையால் தீட்டிய அலங்கார ஓவியம் என்றும், கையொப்பம் யாருடையது என்று தெரியவரவில்லை என்றும் வைத்துக்கொண்டால், சில நூறு டாலர். பழைய அறைகலன்களை அழகாக அடுக்கி விற்கும் கடையின் சுவரில் இதே படத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சீட்டு ஒட்டியிருப்பார்கள். அது கேட்கும் விலை. ஏலங்களில் கைமாறிய விலையைத் தேடிப் பாருங்கள், இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாது. 2022 மே மாதம் ஏர்னி பார்ன்ஸின் ‘சுகர் ஷேக்’ என்ற நடனக்கூட ஓவியம் நியூயார்க் ஏலத்தில் ஒன்றரைக் கோடி டாலரைத் தாண்டியதும், இசைக்கலைஞர்கள் இருக்கும் எல்லாப் படத்துக்கும் கனவு முளைத்துவிட்டது. பார்ன்ஸ் வேறு, அவர் வரலாறு வேறு. 140 டாலருக்கு நீங்கள் ஏமாறவில்லை, புதையலும் எடுக்கவில்லை. அந்த பாஸ் வாசிப்பவருக்காக மட்டுமே நான் அந்த விலை கொடுத்திருப்பேன்.

சுத்தம் செய்வது பற்றி: வேண்டாம். அந்தக் கால வீடுகளில் சிகரெட் புகை படிந்து பழுப்பேறிய மெல்லிய படலம் சகஜம், அதைப் பார்த்ததும் ஈரத்துணி எடுக்கக் கை துறுதுறுக்கும். அக்ரிலிக் வண்ணத்தின் மேற்பரப்பு மென்மையானது. சோப்பு நீரும் ஸ்பிரிட்டும் அதைக் கரைத்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். ரொட்டி, வெங்காயம், உருளைக்கிழங்கு என்று இணையத்தில் சுற்றும் வைத்தியங்கள் அழுக்கோடு பூஞ்சைக்கும் உணவு வைக்கும். பூனைமுடி போன்ற மெல்லிய உலர்ந்த தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால், அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஃபார் கன்சர்வேஷன் என்ற தொழில்முறை அமைப்பின் பட்டியலில் உங்கள் ஊர்ப்பக்கம் இருக்கும் பாதுகாப்பு நிபுணரைத் தேடலாம். அவர் வாங்கும் கூலி படத்தின் விலையைத் தாண்டக்கூடும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மெசனைட் என்றால் ஈரத்துக்கு அதன் ஓரங்கள் உப்பும், வெப்பத்துக்கு நடுப்பகுதி வளையும். உங்கள் ஊர்க் குளிருக்குச் சுவரோரம் ரேடியேட்டர் வைத்திருப்பீர்கள்; அதற்கு நேர்மேலே மாட்ட வேண்டாம்.

இதையெல்லாம்விட அவசரமான வேலை ஒன்று உண்டு. விற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு, அம்மா இந்தப் படத்தை எப்போது, எங்கே வாங்கினார், வேறு ஊரில் வசித்தாரா, பழைய ரசீதுகள், இந்தச் சுவர் தெரியும் குடும்ப ஒளிப்படங்கள் ஏதாவது இருக்கின்றனவா என்று கேளுங்கள். பண்டிகை நாளில் சோபாவில் உட்கார்ந்து எடுத்த படத்தின் ஓரத்தில் இந்த ஓவியம் தெரிந்து, அந்தப் பிரதியின் விளிம்பில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருந்தால் காலக் கேள்வி அங்கேயே முடிந்தது. அறுபதுகளில் கழுவிய பிரதிகள் பலவற்றில் அப்படி அச்சிட்டிருப்பார்கள். வீட்டைக் காலி செய்பவர்கள் காகிதங்களைத்தான் முதலில் குப்பையில் போடுகிறார்கள். இந்த வாரமே கேட்டுவிடுங்கள்; பின்புறத்தின் ஒளிப்படத்தையும் கையொப்பத்தின் நெருக்கமான படத்தையும் அனுப்பினால் மேற்கொண்டு பார்க்கிறேன்.